காணாமல் போன தொப்பி

சித்தப்பா வீட்டில் மிருதங்கத்தின் தொப்பி காணாமல் போனது 1990களின் நடுவில். வலந்தலை இருந்தது. சாப்பும் மீட்டும் முன்னைவிடப் பளிச்சென்றே கேட்டன. இடது கைதான் இல்லை. கும்கி விழவேண்டிய இடத்தில் யாரோ மேஜையைத் தட்டிய ஓசை மட்டும் வந்தது. எம்.டி.ராமநாதன் பாடினால் நிலைமை இன்னும் மோசம். அத்தனை தாழ்ந்த சுருதியில் பாடியவரின் குரலில் எழுத்து இருந்தது, உடம்பு இல்லை. சித்தப்பாவுக்கு அவர் குரல்தான் உயிர். ரேடியோ கச்சேரிகளை கேசட்டில் பிடித்துப் பிடித்து ஒரு பீரோவை நிரப்பியிருந்தார். மீடியம் வேவில் பிடித்தவை; மேல் ஸ்தாயியின் மினுமினுப்பு அவற்றில் முதலிலிருந்தே கிடையாது. இருந்த ஒரே சொத்து கீழ் ஸ்தாயி. அதுவும் போனதென்றால்?

செட்டில் புதிதாக மாறியிருந்தது ஒன்றே ஒன்று. பல வருஷங்களாக உழைத்த வால்வு பவர் ஆம்ப், இரண்டு இரண்டு EL84 போட்டுக் கட்டியது, அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் எரிந்து மூலைக்குப் போய்விட்டது. அதன் இடத்தில் 2N3055-உம் MJ2955-உம் ஜோடி போட்ட டிரான்சிஸ்டர் ஆம்ப் ஒன்று வந்தது. பழையதைவிடப் பல மடங்கு வாட். ப்ரீ ஆம்ப் மட்டும் பழையதே. சித்தப்பா கல்யாணத்துக்கு முன் தானே கட்டியது: பெங்களூர் பெல் கம்பெனியின் ECC83 வால்வுகள், கையால் வளைத்த அலுமினியம் சேஸிஸ், பாக்ஸாண்டல் டோன் கண்ட்ரோல். கடைசியில் கத்தோட் ஃபாலோயர் என்கிற நிலை; சமிக்ஞையைப் பெருக்காது, அடுத்த பெட்டியை ஓட்டும் தெம்பை மட்டும் கொடுக்கும். அதை யார் கழற்றச் சொன்னாலும் சித்தப்பா கேட்கமாட்டார்.

வீட்டுக்கு வந்தவர் எல்லோருக்கும் ஒரு கருத்து இருந்தது. டிரான்சிஸ்டர் சத்தமே இப்படித்தான், வறட்டுச் சத்தம் என்றார் ஒருவர். கேசட்டுகள் வயதாகிவிட்டன, ஸ்பீக்கரின் ஃபோம் போயிருக்கும், ஒயர் சன்னம் என்று ஆளுக்கொன்று. சித்தப்பா பேஸ் குமிழை முழுக்கத் திருப்பிப் பார்த்தார். குரல் கனத்து உப்பியது, அடித்தளம் வரவில்லை.

இதில் விசித்திரம், முதல் சில வாரங்கள் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை என்பதுதான். ஒரு கட்டை சுருதிக்குச் சேர்த்த தம்பூராவில் மந்தர ஸட்ஜத் தந்தி ஏறக்குறைய 65 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. அந்த 65-இன் பலம் பாதியாகக் குறைந்தாலும் 130, 195, 260 என்று அதன் மேல் அடுக்குகள் வந்துகொண்டே இருக்கும். காது அந்த அடுக்குகளைக் கொண்டு அடியில் இருக்கவேண்டியதைத் தானே ஊகித்து, சுருதி சரியாகத்தான் இருக்கிறது என்று நமக்குச் சொல்லிவிடும். அந்தக் காலத்து டெலிபோனில் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே அநேகமாக எதுவும் போகாது. ஆனாலும் அப்பா பேசினால் அப்பா குரலாகவே கேட்குமே, அந்த ஏற்பாடுதான். சுருதி கிடைத்துவிடும், பாரம் கிடைக்காது. எதையோ இழந்திருக்கிறோம், எதை என்று சொல்லத் தெரியவில்லை என்கிற நிலையில் சித்தப்பா கொஞ்சநாள் கச்சேரி கேட்பதையே குறைத்துக்கொண்டார்.

எதிர்வீட்டு மாமா தபால் தந்தித் துறையில் டெலிபோன் லைன்களோடு காலம் கழித்து ரிட்டையர் ஆனவர். அவர்தான் முதலில் சரியான இடத்தைச் சுட்டினார். “ரெண்டு பெட்டியும் நல்ல பெட்டிதான். நடுவுல இருக்கிற ஜாயிண்ட்டைப் பாருங்கோ. இம்பிடன்ஸ் மேட்ச் ஆகல்லே.” அதுவரை மிகச் சரி. மருந்துதான் வேறாக இருந்தது. “சோர்ஸ் 600 ஓம்ஸ்னா லோடும் 600 ஓம்ஸ். அவ்வளவுதான் விஷயம்.”

அவர் உலகத்தில் அது வேதவாக்கு. மைல் கணக்கில் ஓடும் செம்புக் கம்பி. மறுமுனையில் கிடைக்கும் துளி சக்தியும் வீணாகக் கூடாது. மூலத்தின் மின்தடையும் சுமையின் மின்தடையும் சமமாக இருக்கும்போதுதான் மிகுதியான சக்தி கைமாறும் என்பது 19ஆம் நூற்றாண்டிலேயே யாக்கோபி கண்டுசொன்ன விதி. நீண்ட லைனில் இரண்டு முனையும் சமமாக இல்லாவிட்டால் குரல் திரும்பி எதிரொலிக்கவும் செய்யும். டெலிபோன் துறையிலிருந்து அந்த 600 ஓம்ஸ் ரேடியோ நிலையங்களுக்குப் போனது, அங்கிருந்து ஸ்டூடியோக்களுக்குப் போனது. ஆனால் சமமாக வைத்தால் பாதிச் சக்தி மூலத்துக்குள்ளேயே சூடாகிப் போகும், மறுமுனைக்குப் பாதி வோல்டேஜ்தான் வந்துசேரும், அதாவது 6 டெசிபல் நஷ்டம் என்பதை யாரும் பெரிதாகச் சொல்வதில்லை. ஒரு சாண் ஒயருக்கு அந்த விலை எதற்கு?

மாமா பேச்சோடு நிற்கிற ஆள் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை 600 ஓம்ஸ் ரெசிஸ்டரைத் தன் டப்பாவிலிருந்து தேடி எடுத்துவந்து, ஆம்பின் இன்புட்டில் குறுக்கே பற்றவைத்தார். எம்.டி.ராமநாதன் அப்படியே டிரங்க் காலில் வந்தார். தொப்பி மட்டுமல்ல, வலந்தலையும் போனது; கொஞ்சம் சத்தம் வைத்தால் கரகரப்பு வேறு. மாமா முகத்தில் சலனமே இல்லை. “லைன் கிளியரா இருக்கு பாருங்கோ” என்றார்.

ப்ரீ ஆம்பை ஒரு பழைய வேட்டியில் சுற்றி நான்தான் ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு எடுத்துப்போனேன். அப்போது அந்தப் பகுதியில் கம்ப்யூட்டர் கடைகள் முளைக்க ஆரம்பித்திருந்தாலும், நரசிங்கபுரம் தெருப் பக்கம் மாடிப்படிகளுக்கு அடியிலும் மேலும் ரேடியோக்காரர்கள் மிச்சமிருந்தார்கள். ஒரு ஆள் மட்டும் ஏறக்கூடிய படிக்கட்டின் உச்சியில், திருநெல்வேலிப் பக்கத்து அண்ணாச்சி ஒருவர் மைக்செட் ஆம்ப் ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தார். வேட்டியைப் பிரித்ததும் வேலையை நிறுத்திவிட்டார். சேஸிஸைத் திருப்பி, ஒயர்கள் வளைந்திருந்த அழகைக் கொஞ்சநேரம் பார்த்தார். “யாரு கட்டினது?” என்றார். சொன்னேன். “பொறுமைசாலி” என்றார்.

பிறகு வேலை. இடது கையைப் பாண்ட் பையில் விட்டுக்கொண்டார். வால்வு செட்டில் 250 வோல்ட்டுக்கு மேல் டி.சி. ஓடும்; இரண்டு கையும் உள்ளே இருந்தால் ஷாக் நெஞ்சு வழியாகப் போகும் என்பதால் வந்த பழக்கம். சிக்னல் ஜெனரேட்டரில் 1000 ஹெர்ட்ஸ் வைத்து, அவுட்புட்டில் 1 வோல்ட் வரும்படி குமிழைத் திருப்பினார். அளந்தது பழைய வால்வு வோல்ட்மீட்டரில். சாதாரண முள் மீட்டரை ஏன் எடுக்கவில்லை என்றேன். “அதுவே ஒரு லோடு தம்பி. அளக்க வந்தவன் கொஞ்சம் குடிச்சிட்டு மிச்சத்தைத்தான் காட்டுவான்.” ஜெனரேட்டரை 50 ஹெர்ட்ஸுக்கு இறக்கினார். அப்போதும் அதே 1 வோல்ட். ப்ரீ ஆம்பில் குறையே இல்லை என்று எனக்குப் பட்டது.

“புது ஆம்ப் இன்புட் எவ்வளவு?” என்றார். கூட வந்த தாளின் கடைசிப் பக்கத்தில் போட்டிருந்தது: 10 கிலோ ஓம். “பழசு?” அதற்குத் தாள் ஏது? அவரே சொன்னார், வால்வு கிரிட்டுக்கு ஒரு மெக் இருந்திருக்கும் என்று. வீட்டில் பிறகு திறந்து பார்த்தேன். ஒரு மெகா ஓமேதான்.

டப்பாவிலிருந்து டென் கே ரெசிஸ்டர் ஒன்றை எடுத்து அவுட்புட்டின் குறுக்கே வைத்தார். ஆம்பே இல்லை, அதன் இன்புட்டுக்குப் பதில் அந்த ஒரு ரெசிஸ்டர். 1000 ஹெர்ட்ஸில் முள் லேசாக அசைந்தது. 1 வோல்ட்டிலிருந்து நூலளவு இறக்கம். 50 ஹெர்ட்ஸுக்கு வந்தார். முள் விழுந்தது. மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. நானே ஜெனரேட்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்: 150 ஹெர்ட்ஸில் சரிவு நன்றாகத் தெரிந்தது, 100-இல் பாதிக்குக் கொஞ்சம் மேல், 65-இல் அதற்கும் கீழ். தம்பூராவின் மந்தரத் தந்தி எங்கே போனது என்று அந்த முள்ளில் தெரிந்துவிட்டது.

எனக்குப் புரியாதது ஒன்றிருந்தது. ECC83 கத்தோட் ஃபாலோயரின் அவுட்புட் இம்பிடன்ஸ் 600 ஓம் சுமார் என்று படித்திருந்தேன். சுமை மூலத்தைப்போல் பத்து மடங்காவது இருக்கவேண்டும் என்பது ஆடியோக்காரர்களின் வழக்கு. பத்து மடங்கு இருந்தால் நஷ்டம் ஒரு டெசிபல்கூட வராது. இங்கே பதினாறு மடங்குக்கு மேல் இருக்கிறதே. கணக்கு சரி, தொப்பி மட்டும் எப்படிப் போகும்?

அண்ணாச்சி சோல்டரிங் அயர்ன் முனையால் ஒரு கண்டன்சரைத் தொட்டுக் காட்டினார். “பாயிண்ட் ஒன். இவன்தான்.” கத்தோட்டில் நிற்கும் நூறு வோல்ட்டுக்கு மேற்பட்ட டி.சி. வெளியே போய்விடாமல் தடுத்து, பாட்டை மட்டும் வழிவிடுகிற கப்ளிங் கண்டன்சர் அது. 0.1 மைக்ரோஃபாரட். பாட்டுக்கும் அது வழியை ஒரே மாதிரி விடுவதில்லை. 1000 ஹெர்ட்ஸுக்கு அதன் எதிர்ப்பு 1,600 ஓம்தான். 50 ஹெர்ட்ஸுக்கு ஏறக்குறைய 32,000. புத்தகத்தில் போட்டிருந்த 600 ஓம் வால்வுடைய எண். பெட்டியின் பின்பக்கத்து சாக்கெட்டிலிருந்து பார்த்தால் அந்த எண் இல்லவே இல்லை. கீழே போகப்போக ஏறிக்கொண்டே போகும் ஒரு சரிவுதான் இருக்கிறது. ஒரு மெகா ஓமுக்கு முன்னால் 32,000 தூசு. 10,000 ஓமுக்கு முன்னால் அதுவே மலை. சித்தப்பா அந்தக் காலத்தில் பாயிண்ட் ஒன் போட்டதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அடுத்து வருகிறவன் வால்வு, கிரிட் கரண்ட் எடுக்காது என்ற கணக்கில் போட்டது. டிரான்சிஸ்டரின் பேஸ் கரண்ட் எடுக்கும். அதற்காகவே அந்த ஆம்ப்களில் இன்புட் ரெசிஸ்டர்கள் சிறிதாக இருக்கும்.

மாமாவின் 600 ஓம் வைத்தியத்தை அண்ணாச்சியிடம் சொன்னேன். சிரிக்கவில்லை. “அவரு தொழிலுக்கு அது சரி. நம்ம தொழிலுக்கு ஆம்புங்கிறவன் டீக்கடையில பேப்பர் படிக்கிறவன் தம்பி. படிச்சுட்டு மடிச்சு அங்கயே வச்சிட்டுப் போயிறணும். வீட்டுக்கு எடுத்துட்டுப் போகக்கூடாது.” ப்ரீ ஆம்ப் கொடுப்பது சேதி, அந்தச் சேதியின் வடிவம் வோல்டேஜ். சக்தி வேண்டுமானால் ஆம்புக்கு அதன் சொந்த டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறது. ஸ்பீக்கர் இணைப்பிலும் இதே கதைதான்: 8 ஓம் ஸ்பீக்கர் போடச் சொல்லும் டிரான்சிஸ்டர் ஆம்பின் உள் மின்தடை 8 ஓம் அல்ல, ஓமில் ஒரு சிறு பின்னம். சமப்படுத்துவதை ஹைஃபை உலகம் எப்போதோ கைவிட்டுவிட்டது. பழைய பேச்சு மட்டும் தங்கிவிட்டது.

சரிசெய்ய இரண்டு வழி இருந்தது. ஆம்பைத் திறந்து டென் கேயை எடுத்துவிட்டு நூறு கே போடலாம். எனக்கு அதுதான் சுலபமாகத் தோன்றியது. அண்ணாச்சி ஒத்துக்கொள்ளவில்லை. அந்த ரெசிஸ்டர் வழியாகத்தான் முதல் டிரான்சிஸ்டருக்கு பயாஸ் கரண்ட் போகிறது. ஃபீட்பேக் பக்கத்து ரெசிஸ்டரும் அதே அளவில் இருந்தால் இரண்டு பக்கமும் ஒன்றையொன்று ஈடுகட்டி, ஸ்பீக்கர் முனையில் டி.சி. பூஜ்ஜியத்துக்குப் பக்கத்தில் நிற்கும். ஒன்றை மட்டும் பத்து மடங்காக்கினால் ஒரு மைக்ரோ ஆம்பியர் பேஸ் கரண்டே ஸ்பீக்கர் முனையில் 90 மில்லிவோல்ட்டாக வந்து நிற்கும். ஆகவே இரண்டாவது வழி: கண்டன்சரைப் பெரிதாக்குவது. 1 மைக்ரோஃபாரட், 400 வோல்ட், பாலியஸ்டர். பழைய பாயிண்ட் ஒன்னின் இடத்தில் அது உட்காரவில்லை. சேஸிஸ் ஓரத்தில் படுக்கவைத்து ஒயரால் கட்டினார். பழையதைக் கழற்றித் தனியே அளந்தபோது அது லீக் ஆகவும் ஆரம்பித்திருந்தது. பேப்பர் கண்டன்சர்கள் வயதானால் அப்படித்தான்; சில மாதங்களில் ஆம்பின் வாசலுக்கு டி.சி.யைக் கொண்டுவந்து சேர்த்திருக்கும்.

மீண்டும் டென் கே, மீண்டும் 50 ஹெர்ட்ஸ். முள் லேசாகத்தான் அசைந்தது. சரிவு 15 ஹெர்ட்ஸுக்கு இறங்கியிருந்தது. அங்கே எந்த வித்வானும் பாடுவதில்லை.

சித்தப்பா வீட்டில் அன்று சாயங்காலம் தொப்பி திரும்பியது. அதோடு விருந்தாளியாக ஹம்மும் வந்தது. இதை நான் எதிர்பார்க்கவில்லை. கொஞ்சம் யோசித்திருந்தால் தெரிந்திருக்கும். 50 ஹெர்ட்ஸைப் பத்து டெசிபல் வெட்டிக்கொண்டிருந்த அதே கண்டன்சர், கரண்டின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலையும் சேர்த்தே வெட்டிக்கொண்டிருந்தது. இத்தனை நாள் அமைதி என்று நினைத்ததில் பாதி, திருட்டு அமைதி. ஹீட்டருக்குப் போகும் 6.3 வோல்ட் ஏ.சி. ஒயர்களை இறுக்க முறுக்கி சேஸிஸ் மூலையோடு ஒட்டி ஓடவிட்டு, எர்த்துகளை ஒரே புள்ளியில் கொண்டுவந்து சேர்க்க எனக்குச் சில ஞாயிறுகள் பிடித்தன. இன்னொரு தொந்தரவு: ப்ரீ ஆம்பை ஆன் செய்ததும், வால்வு சூடேறும்போது கத்தோட் வோல்டேஜ் மேலேறும். பெரிய கண்டன்சர் அந்த ஏற்றத்தில் ஒரு பங்கை ஆம்புக்கு அனுப்ப, ஸ்பீக்கர் கோன் வெளியே துருத்திக்கொண்டு வரும். அண்ணாச்சி முன்பே சொல்லி அனுப்பியிருந்தார்: முதலில் ப்ரீ ஆம்ப், ஒரு நிமிஷம் கழித்து ஆம்ப், அணைக்கும்போது தலைகீழ். சித்தி அதை ஒரு தாளில் எழுதி ஸ்விட்ச்போர்டு மேல் ஒட்டினாள். அவள்தான் அதை ஒருநாளும் மறக்காதவள்.

அதற்குப் பிறகு எங்கே போனாலும் பெட்டிகளைவிட நடுவில் இருக்கும் ஒயர்தான் எனக்கு முதலில் கண்ணில் பட்டது. நண்பன் ஒருவன் ப்ரீ ஆம்பே பாவம் என்று, ஒரு டப்பாவில் நூறு கே வால்யூம் கண்ட்ரோலை மட்டும் வைத்து, சிடி பிளேயருக்கும் ஆம்புக்கும் நடுவில் மாட்டியிருந்தான். சுத்தம் என்றால் அதுதான் சுத்தம். ஆனால் ஆம்ப் அறையின் மறுகோடியில். ஆறு மீட்டர் ஒயர். சத்தம் கூட்டக் கூட்ட தம்பூராவின் ஜீவா மங்குகிறது, முழுக்கத் திருப்பினால் திரும்பிவருகிறது என்று குழம்பிப்போயிருந்தான். அவன் காது பொய் சொல்லவில்லை. வோல்டேஜ் பாதியாகும் இடத்தில் அந்த வால்யூம் கண்ட்ரோலின் அவுட்புட் இம்பிடன்ஸ் தன் மதிப்பில் கால் பங்கு, 25 கிலோ ஓம். ஷீல்ட் ஒயருக்கு மீட்டருக்கு 100 பைக்கோஃபாரட் என்று வைத்தால் ஆறு மீட்டருக்கு 600. இரண்டும் சேர்ந்து பத்தாயிரத்துச் சொச்சம் ஹெர்ட்ஸிலேயே மேல் ஸ்தாயியைச் சரிக்க ஆரம்பித்துவிடும். குமிழை மிகக் குறைத்தாலும் முழுக்கத் திருப்பினாலும் இம்பிடன்ஸ் இறங்கிவிடும், ஒலி தெளிந்துவிடும். சித்தப்பாவுக்கு அடி போனது, இவனுக்கு நுனி. ஒயரை ஒரு மீட்டராக்கியதும் சரியானது. அவன் அதற்கு முன் வாங்கியிருந்த விலையுயர்ந்த ஒயரைப் பற்றி நான் பேச்செடுக்கவில்லை. பல ஆயிரம் ரூபாய் ஒயர்களில் ஆள் கேட்கும் வித்தியாசம் எத்தனையோ இடத்தில் இந்த இரண்டு எண்களின் பெருக்கலாகத்தான் இருக்கும் என்பது என் எண்ணம்.

பழைய ரெக்கார்ட் பிளேயர்களின் செராமிக் கார்ட்ரிட்ஜ் இன்னும் கறாரானது. அதன் உள்ளே இருப்பதே ஒரு சின்னக் கண்டன்சர் மாதிரி, சில நூறு பைக்கோஃபாரட். ஒரு மெகா ஓமாவது எதிரே இருக்கவேண்டும் என்று கேட்கும். 47 கிலோ ஓம் சாக்கெட்டில் சொருகினால் நாகஸ்வரம் வரும், தவில் வராது. வரிசையில் ஒரு மெகா ஓம் ரெசிஸ்டர் போட்டால் தவிலும் வந்துவிடும். சத்தம் மிகக் குறையும் என்பதால் பின்னால் பெருக்கம் கூடுதலாக வேண்டும்.

மாமா தோற்றதாக ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. ஒப்புக்கொள்ளவும் தேவையில்லை. சித்தப்பா வீட்டு மாடியில் தூர்தர்ஷன் ஆண்டெனாவின் 300 ஓம் முனையை 75 ஓம் கேபிளோடு சேர்க்கும் பாலூன் கழன்று, படத்தில் எல்லோருக்கும் பக்கத்தில் ஒரு நிழல் முளைத்தது. மாமாதான் மேலே ஏறிச் சரிசெய்தார். இறங்கி வந்து, “இங்க சமமா இல்லாட்டி என்ன ஆகும்னு பாத்தியோ?” என்றார். அலைநீளத்தோடு ஒப்பிட ஒயர் நீளமாக இருக்கும் இடத்தில், சமமில்லாத முனையில் அலை திரும்பிவரும். தொலைக்காட்சிக்கு ஒரு மாடி உயரமே நீளம். 50 ஹெர்ட்ஸ் ஒலிக்கு ஊர்விட்டு ஊர் போகிற லைன்கூடக் குட்டை. சிடி பிளேயரின் டிஜிட்டல் கோஆக்ஸியல் ஒயரை 75 ஓம் என்று அச்சிட்டு விற்கிறார்களே, அங்கேயும் மாமா கட்சிதான் ஜெயிக்கும். 

போன மாதம் அக்கா பையன் ஆன்லைனில் குட்டி வால்வு ப்ரீ ஆம்ப் ஒன்று வாங்கியிருந்தான், 6J1 வால்வு இரண்டு, கீழே நீல எல்.இ.டி. எரிகிறது. அதைக் கையகல கிளாஸ்-டி ஆம்ப் ஒன்றில் மாட்டி, பேஸ் இல்லை மாமா என்று போன் செய்தான். விற்பனைப் பக்கத்தில் வாட், எடை, எல்.இ.டி. நிறம் எல்லாம் இருந்ததாம். அவுட்புட் இம்பிடன்ஸ் இல்லையாம். போனிலேயே டோன் ஜெனரேட்டர் ஆப் போட்டு 50 ஹெர்ட்ஸும் 400 ஹெர்ட்ஸும் கொடு, டென் கே ரெசிஸ்டரைக் குறுக்கே வைத்து இரண்டையும் அள, வைக்காமலும் அள என்றேன். 1000 வேண்டாம், விலை குறைந்த டிஜிட்டல் மீட்டர்கள் 400-க்கு மேல் ஏ.சி.யைச் சரியாகக் காட்டாது என்பதையும் சொன்னேன். ரெசிஸ்டர் எங்கே கிடைக்கும் என்றான். ரிச்சி ஸ்ட்ரீட் போனால் சில்லறைக் காசுக்கு ஒரு கொத்து அள்ளித் தருவார்கள் என்றேன். பார்க்கிங் கிடைக்காது என்று ஆன்லைனில் ஆர்டர் போட்டுவிட்டான்; கூரியர் வந்ததும் அளந்து எண்ணைச் சொல்வதாக இருக்கிறான்.